திரையில் கூடும் போர்டு: செட்டிநாட்டுக் குடும்பக் கம்பெனிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

2020 மே மாதத்தில் ஒரு நாள், காலை ஏழு மணி. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில், எண்பதை எட்டப்போகும் ஐயா ஒருவர் செல்போனைப் பித்தளைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஃபேனுக்கு அடியில் வசதியாக உட்காரலாம். ஆனால் அந்தக் காலத்துச் சுவரின் கனத்துக்கு சிக்னல் வாசலோடு நின்றுவிடும். சென்னையில் மூத்த மகன், சிங்கப்பூரில் இளைய மகன், கோலாலம்பூரில் தம்பி மகன், நியூஜெர்சியில் பேரன். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் காலை ஒன்பதரை. நியூஜெர்சிக்கு முந்தின நாள் இரவு ஒன்பதரை. நான் காரைக்குடியில் என் வீட்டு மாடியில், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே கைலியுமாக, கூட்டத்தில் நடப்பதை எழுதும் மினிட்ஸ் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

"ஐயா, உங்க பேரையும் இப்ப இருக்கிற ஊரையும் ஒரு தடவை சொல்லுங்க."

"என் பேரு உனக்குத் தெரியாதாப்பா?"

இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் சட்டம் கேட்கச் சொல்கிறது, கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்ட போர்டுகள் பிறகு எங்கெங்கே போய் மாட்டின என்பதைப் பார்த்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பெனி செகரட்டரி. இந்த வட்டாரத்துக் குடும்பக் கம்பெனிகளின் போர்டு வேலைதான் என் பிழைப்பு. பங்குச்சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகளுக்குத் தனியாகச் சட்டப் பிரிவே இருக்கும். இது அவர்களுக்கு வேண்டாம். டைரக்டர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் பங்காளிகள், ஐந்து ஊரில் இருக்கிறார்கள் என்ற கணக்கில் உள்ள கம்பெனிக்கு எழுதியது.

தூரம் நமக்குப் புதிதில்லை

வீட்டிலிருந்தே தொழிலை எப்படி நடத்துவது என்று ஊரெல்லாம் மலைத்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன ஊர் இது. முதலாளி இங்கே, கடை ரங்கூனில். ஏஜெண்டு சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு கப்பல் ஏறினால் மூன்று வருஷக் கணக்கு. அதுவரை முதலாளிக்குக் கிடைப்பது தபாலில் வரும் கடிதமும் ஐந்தொகையும்தான். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது.

அவர்களுக்கும் நட்டம் வந்தது, ஏஜெண்டு ஏமாற்றியதும் உண்டு. ஆனால் என்ன நடந்தது என்று பார்க்க ஏடு இருந்தது. கொரோனா காலத்தில் நம்மவர்கள் செய்த தவறு வேறு மாதிரி. முகம் தெரிகிறதே, குரல் கேட்கிறதே என்ற தைரியத்தில் எழுதுவதை விட்டுவிட்டார்கள். நான் பார்த்த போர்டுத் தகராறுகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் முளைத்தது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இதற்குத்தான் வரும்.

முதல் படி: சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

கம்பெனிகள் சட்டம் 2013, 173ஆம் பிரிவின்படி வருஷத்துக்கு நான்கு போர்டு மீட்டிங். இரண்டுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக்கூடாது. சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வந்தால் அரை வருஷத்துக்கு ஒன்று போதும், நடுவே குறைந்தது 90 நாள் இடைவெளி வேண்டும். காணொளியில் கலந்துகொள்வதை அதே பிரிவு முதலிலிருந்தே அனுமதித்தது. கோரத்துக்கும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கைக்கும், அந்த ஆட்கள் கணக்கில் வருவார்கள். பலர் நினைப்பதுபோல் இது கொரோனா தந்த சலுகை இல்லை.

கொரோனாவில் மாறியது வேறு. ஆண்டுக் கணக்கை ஏற்பது, போர்டு அறிக்கை, கம்பெனி இணைப்பு போன்றவற்றைக் காணொளியில் எடுக்கக்கூடாது என்று போர்டு கூட்டங்களுக்கான 2014ஆம் வருஷத்து விதிகளில் 4ஆவது விதி இருந்தது. 2020 மார்ச் 19 அன்று அதைத் தளர்த்தினார்கள், தவணை தவணையாக நீட்டினார்கள், 2021 ஜூன் 15 அன்று விதியையே எடுத்துவிட்டார்கள். அதனால் இன்று ஆண்டுக் கணக்கையும் திரையிலேயே ஏற்கலாம். ஆனால் 120 நாளோடு கூடுதலாகக் கொடுத்த 60 நாள் அந்தந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது. அது இன்னும் இருக்கிறது என்று நம்பி மீட்டிங்கைத் தள்ளிப்போட்ட ஒரு கம்பெனிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் 140 நாள் ஓடியிருந்தது.

இன்னொன்று. பன்னிரண்டு மாதம் நடந்த எந்த போர்டு மீட்டிங்கிலும் தலை காட்டாத டைரக்டரின் பதவி, லீவு சொன்னாலும் சொல்லாவிட்டாலும், 167ஆம் பிரிவில் தானாகவே போய்விடும். "பெரியவருக்குத்தான் இந்த ஜூம் எல்லாம் வராதே, விடுங்க" என்று ஒதுக்கி வைத்த குடும்பங்கள் இதை முதலில் படிக்கட்டும்.

இரண்டாம் படி: நோட்டீஸும் காகிதமும்

ஏழு நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ். அதில் மீட்டிங் நடக்கும் இடம் என்று ஓர் இடத்தைக் குறிப்பிட வேண்டும்; எல்லாரும் திரையில் இருந்தாலும் சட்டப்படி அந்த இடத்தில்தான் கூட்டம் நடக்கிறது. நியூஜெர்சிப் பேரனுக்கு அது முந்தின நாளாக இருந்தாலும் மினிட்ஸில் விழுவது அந்த இடத்துத் தேதி. காணொளியில் வருகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் செல்லும். சொல்லாவிட்டால் நேரில் வருவார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

காகிதத்தைப் பற்றி என் கருத்து ஒன்று உண்டு. எழுபது பக்க பி.டி.எஃப்.பை செல்போனில் படிக்கச் சொல்வது படிக்காதே என்று சொல்வதற்குச் சமம். அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் முதல் பக்கத்தில் ஐந்து வரி போதும். என்ன கேட்கிறோம், எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது, அதில் எந்த டைரக்டருக்கு சம்பந்தம், வேண்டாம் என்றால் என்ன ஆகும். நான்காவது வரி முக்கியம். 184ஆம் பிரிவின்படி சம்பந்தமுள்ள டைரக்டர் அதைக் கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும்; பிரைவேட் லிமிடெட் என்றால் சொன்ன பிறகு கலந்துகொள்ளலாம், மற்றபடி அந்தப் பொருளில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் "அது உன் மச்சான் கம்பெனிதானே" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். திரையில் யாரும் கேட்பதில்லை. லிங்க் போய்விடும் என்ற பயமோ என்னவோ.

மூன்றாம் படி: பெயர் கூப்பிடுவது

இதைச் சடங்கு என்று நினைத்து ஓட்டிவிடுகிறார்கள். அந்த 2014 விதிகளில் 3ஆவது விதி கேட்பது இவ்வளவுதான்: சேர்மன் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட, அவர் தன் பெயர், எங்கிருந்து பேசுகிறார், அஜெண்டாவும் காகிதங்களும் கிடைத்தனவா என்பதைச் சொல்ல வேண்டும். கடைசியாக ஒன்று, தன்னைத் தவிர வேறு யாரும் அங்கே கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்விதான் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தின் உயிர்நாடி. அந்த மே மாதக் காலையில் ஐயா மூன்றாவது பொருளுக்கு வந்ததும், "அந்த ரேட்டுக்கு ஒத்துக்க முடியாது, ஒன்பதரைக்கு மேல வேண்டாம்" என்றார். கடன் வட்டியைப் புள்ளி சுத்தமாகச் சொல்கிறவர் இல்லை அவர். கேமராவை இடது பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். தேக்குத் தூணுக்குப் பின்னால் ஒரு வேட்டி நுனி. கம்பெனியில் பங்கு உள்ள, ஆனால் டைரக்டராக இல்லாத, இன்னொரு பேரன். அவன் சொல்லச் சொல்ல ஐயா பேசியிருக்கிறார்.

தப்பான எண்ணம் எதுவும் இல்லை. தாத்தாவுக்கு உதவி, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓட்டு யாருடையது? நாளைக்கு இன்னொரு கிளை வழக்குப் போட்டால் அந்தத் தீர்மானம் நிற்குமா? உடல் குறைபாடு உள்ள டைரக்டர் போர்டிடம் கேட்டு அனுமதி வாங்கி ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. காது கேட்பது சிரமம் என்றால் இந்த வழியில் எழுத்தில் கேட்கலாம், மினிட்ஸிலும் ஏறும். தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

கூட்டத்துக்கு உண்டான பூட்டும் இந்தப் படியிலேயே வரும். ஜூம் பாதுகாப்பான தளம் இல்லை என்று உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 16 அன்று எச்சரித்தபோதே, அதைப் பயன்படுத்துகிறவர்கள் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொன்னது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண், புது பாஸ்வேர்டு, காத்திருப்பு அறை, எல்லாரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டுவது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போர்டு லிங்க்கைப் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் குழுவில் மாப்பிள்ளை வீட்டார் உட்பட நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள்.

நான்காம் படி: மௌனத்தை எண்ணாதீர்கள்

நம் பக்கத்தில் பெரியவர்கள் "வேண்டாம்" என்று நேராகச் சொல்வது குறைவு. "பார்ப்போம்" என்பார்கள். காபி டம்ளரைத் தள்ளி வைப்பார்கள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "மழை எப்படி, உங்க பக்கம்?" என்று பேச்சை மாற்றுவார்கள். எதிரே உட்கார்ந்த தம்பிக்கு அது புரியும். அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார். இரண்டு அங்குலச் சதுரத்தில் டம்ளர் தெரியாது. மியூட்டில் இருப்பவரின் பெருமூச்சு கேட்காது.

நான் கைப்பட எழுதி மாட்டிக்கொண்டது இது. ஒரு குடும்பக் கம்பெனி. பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கடனுக்கு ஜாமீன் நிற்கத் தீர்மானம். "எல்லாருக்கும் சரிதானே?" என்று எம்.டி. கேட்டார். மூன்று "சரி" வந்தது. நான்காவது சதுரம் அசையாமல் இருந்தது. அந்த டைரக்டர் யோசிக்கிறார் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம். ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினேன். எட்டு மாதம் கழித்து வங்கி ஜாமீன் பணத்தைக் கேட்டபோது அவர் சொன்னார், "அன்னைக்கு எனக்கு கரண்ட் போயிருச்சு. திரும்ப வந்தப்ப நீங்க அஞ்சாவது பொருள்ல இருந்தீங்க." மோடம் நின்றுபோய், கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்திருக்கிறது. உறைந்த முகத்தின் சம்மதத்தை மினிட்ஸில் ஏற்றியவன் நான்.

அன்றிலிருந்து என் நடைமுறை மாறிவிட்டது. பணம், ஜாமீன், நியமனம், சொத்து என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொருவரும் வாயால் "சம்மதம்" அல்லது "சம்மதம் இல்லை" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. வயதில் இளையவரிடமிருந்து தொடங்குங்கள். ஐயா முதலில் சொல்லிவிட்டால் பிறகு பேரன் எதிர்த்துப் பேசுவானா? யாருடைய இணைப்பாவது அறுந்தால் மணியைக் குறித்துக்கொண்டு, கோரம் இருக்கிறதா என்று மறுபடி எண்ணுங்கள். மொத்த டைரக்டர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், எது அதிகமோ அது கோரம். ஒவ்வொரு பொருளையும் பேசி முடித்ததும் அதில் என்ன முடிவு, மாற்றுக் கருத்து சொன்னவர் யார் என்று சேர்மன் வாயால் சொல்ல வேண்டும் என்பதும் விதி. இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஜாமீன் வழக்கு இன்னும் நடக்கிறது.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப் தம்ப்ஸ்-அப் ஒரு தீர்மானம் இல்லை

கூட்டம் கூட்டாமல் சுற்றுக்கு விட்டுத் தீர்மானம் எடுக்க 175ஆம் பிரிவு வழி தருகிறது. தீர்மானத்தின் வரைவும் தேவையான காகிதங்களும் எல்லா டைரக்டருக்கும் போக வேண்டும், பெரும்பான்மையினர் ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். மூன்றில் ஒரு பங்கு டைரக்டர்கள் "இதைக் கூட்டத்தில் பேசுவோம்" என்றால் கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும். ஆனால் கடன் வாங்குவது, கடன் கொடுப்பது, ஜாமீன் நிற்பது, முதலீடு செய்வது, கணக்கை ஏற்பது எல்லாம் 179ஆம் பிரிவில் கூட்டத்தில் மட்டுமே எடுக்க வேண்டியவை. கொரோனாவில் அவசரம் என்று குழுவில் போட்டு, நான்கு கட்டைவிரல் வந்ததும் எம்.டி. வங்கிக்கு ஓடியதை எத்தனையோ தடவை பார்த்தேன். அவசரமென்றால் குறுகிய நோட்டீஸில் கூட்டம் கூட்டலாம். இருபது நிமிஷக் கூட்டம் போதும்.

ஆறாம் படி: மினிட்ஸ், பதிவு

வரைவு மினிட்ஸ் 15 நாளுக்குள் எல்லா டைரக்டருக்கும் போக வேண்டும், திருத்தம் சொல்ல ஏழு நாள், 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற வேண்டும். காணொளிப் பதிவை அந்த வருஷத்துத் தணிக்கை முடியும் வரையாவது பத்திரமாக வைக்க வேண்டும். யாருடைய லேப்டாப்பில் இருக்கிறது என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், வேலையை விட்டுப் போன பையனின் கூகுள் கணக்கில் இருக்கும்.

ஏழாம் படி: பணமும் கையெழுத்தும்

முதலில் டி.எஸ்.சி. டைரக்டர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் எல்லாம் கணக்குப்பிள்ளையின் மேஜை டிராயரில், ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டு எழுதிய துண்டுக் காகிதம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியபடி. ஊரடங்கில் அந்த டிராயர் அப்படியே ஒரு பையில் ஏறி அவர் வீட்டுக்குப் போனது. அவர் நல்லவர். அவர் நல்லவராக இருப்பதை மட்டும் நம்பி ஒரு கம்பெனியை நடத்தலாமா? டோக்கன் அவரவர் கையில் இருக்கட்டும். அனுப்ப வேண்டியிருந்தால் யார், எப்போது, எதற்கு என்று ஒரு பதிவேடு. ஓ.டி.பி.யை ஃபார்வர்டு செய்கிற எம்.டி. தன் கையெழுத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்.

வழக்கமாகச் சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். மெயிலில் கொடுத்த எண்ணுக்குப் போடாதீர்கள். முகத்தைப் பார்த்தாலும் நம்பாதீர்கள் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன். ஆரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவர் காணொளிக் கூட்டத்தில் தன் நிதித் தலைவரையும் சக ஊழியர்களையும் பார்த்துவிட்டு 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். திரையில் இருந்தவர்கள் எல்லாரும் கணினியில் செய்த போலி முகங்கள். 2024இல் வெளியே வந்த செய்தி இது. பெரிய தொகைக்கு ஒருவர் பதிய இன்னொருவர் அனுமதிப்பது, பிறகு குரலில் ஒரு தடவை திருப்பிக் கூப்பிடுவது, இந்த இரண்டும் இல்லாமல் ரூபாய் நகரக்கூடாது என்று போர்டே தீர்மானம் போட்டு வைக்கலாம். ஏமாந்தது தெரிந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி சைபர் சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும்.

எட்டாம் படி: படுத்துவிட்டால் யார்?

இரண்டே டைரக்டர் உள்ள பிரைவேட் லிமிடெட்கள் இங்கே ஏராளம். அண்ணன் தம்பி அல்லது கணவன் மனைவி. 2021 மே மாதம் இரண்டாவது அலையில் இருவரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். கோரம் இரண்டு. கூட்டம் கூட்ட முடியாது. காசோலையிலும் இருவர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை சம்பள நாள்.

சட்டத்தில் உள்ள முரண் இதுதான்: ஒருவர் இறந்து இடம் காலியானால், மிச்சமிருப்பவர் எண்ணிக்கையை நிரப்புவதற்கோ பொதுக்கூட்டம் கூட்டுவதற்கோ மட்டும் செயல்பட 174ஆம் பிரிவு இடம் தருகிறது. நோய்வாய்ப்பட்டுக் கிடப்பவரின் இடமோ காலியில்லை. அதனால் மூன்றாவது டைரக்டரை நல்ல நாளிலேயே போடுங்கள். வங்கி உத்தரவை "இருவரும் சேர்ந்து" என்பதிலிருந்து "மூவரில் எந்த இருவரும்" என்று மாற்றுங்கள். வெளிநாட்டில் மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்கப்போகும் டைரக்டருக்கு, கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் இடமிருந்தால், 161ஆம் பிரிவில் மாற்று டைரக்டர் போடலாம். குறைந்தது ஒரு டைரக்டராவது வருஷத்தில் 182 நாள் இந்தியாவில் இருக்க வேண்டும் என்பதையும் கூடவே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிங்கப்பூர்க் கம்பெனியை நடத்துகிறவர் விமானம் நின்றதால் பள்ளத்தூரில் மாதக்கணக்கில் தங்கி, அங்கிருந்தே எல்லா முடிவும் எடுத்தால், அந்தக் கம்பெனியின் உண்மையான நிர்வாக இடம் இந்தியாதான் என்று வருமான வரித்துறை கேட்கலாம். ஒரு வருஷத்தில் விற்றுவரவு 50 கோடி ரூபாய் அல்லது அதற்குக் கீழே என்றால் இந்த விதி பாயாது. அதற்கு மேல் என்றால் ஆடிட்டரிடம் பேசுங்கள். எனக்குத் தெரிந்தது இந்த எல்லை வரைக்கும்தான்.

ஒன்பதாம் படி: எம்.டி. எங்கே உட்கார்ந்தாலும்

தலைமையைப் பற்றிப் பெரிய பேச்சு வேண்டாம். மூன்று விஷயம் மட்டும். ஒன்று, திரையில் சொல்வது பதிவாகும், வெளியே போகும். பிரிட்டனில் கே.பி.எம்.ஜி.யின் சேர்மன், ஊரடங்கில் களைத்துப்போன ஊழியர்களிடம் புலம்புவதை நிறுத்துங்கள் என்ற தோரணையில் காணொளிக் கூட்டத்தில் பேசி, 2021 பிப்ரவரியில் பதவியை விட்டே போனார். அறைக்குள் அதையே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு, ஆலையில் கண்ணெதிரே நிற்கிற மேனேஜர் சொல்வதே எம்.டி.க்கு உண்மையாகத் தெரியும். திரையில் வருகிற மேனேஜர் சொல்வது சாக்காகப் படும். மாதத்துக்கு ஒரு தடவை தூரத்து ஆளை முதலில் பேசவிடுங்கள். மூன்று, கெட்ட செய்தி தூரத்தில் மெதுவாகத்தான் நகரும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பக்கம் கேளுங்கள். கையிருப்பு, வரவேண்டியதில் தவணை தாண்டியது, இந்த வாரம் தவறிப்போன ஒரு காரியம். மூன்றாவது வரி காலியாக வந்தால் போன் போடுங்கள். அந்தக் காலத்து ஐந்தொகையிலும் கடிதத்திலும் கிட்டத்தட்ட இதுதான் இருந்திருக்கும்.

அப்புறம், வருஷத்தில் ஒரு கூட்டமாவது நேரில். டிக்கெட் செலவு என்று யோசிக்க வேண்டாம். எப்படியும் வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் ஊருக்கு வரத்தான் போகிறார்கள். முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, சமையல்காரர்கள் அண்டாவை ஏற்றிக்கொண்டு போன பிறகு, ஐந்து டைரக்டர்களும் பட்டாலையில் உட்காரலாம். ஏழு நாள் நோட்டீஸை மட்டும் கல்யாணப் பத்திரிகையோடு மறக்காமல் அனுப்பிவிடுங்கள். போன தை மாதம் அப்படி ஒரு கூட்டத்தில், மூன்றாவது பொருள் வந்ததும் ஐயா காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். சிங்கப்பூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இதை அடுத்த கூட்டத்துக்கு வச்சுக்குவோம்" என்றார்.